கடலோடு உங்களுக்கு எவ்வளவு நெருக்கம்? கேள்வித்தாளோடு திருகோணமலைக்கு வந்திருக்கும் ஆய்வுக் குழு

உட்துறைமுகம் | சனி இரவு 8.10

இந்தக் கிழமை முழுக்க நம்ம கடற்கரைப் பக்கம் ஒரு ஆய்வுக் குழு திரிகிறது. தலைவியாக ஒரு வெள்ளைக்காரப் பெண், கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர், கேள்வி கேட்பதற்கு இங்கத்தைப் பிள்ளைகள் நாலைந்து பேர். மனிதருக்கும் கடலுக்கும் இடையில் மனசளவில் எவ்வளவு நெருக்கம் இருக்கிறது என்று அளப்பதுதான் வேலையாம். எத்தனை கிலோ மீன், எஞ்சின் எத்தனை குதிரைவலு என்ற வழக்கமான கேள்வி ஒன்றும் இல்லை. கடலைக் காணாமல் இருந்தால் மனசுக்கு ஒருமாதிரி இருக்குமா, கடலுக்கு ஏதும் கெடுதல் நடந்தால் உங்களுக்கே நடந்ததுபோல் வலிக்குமா, இந்த ரகம். ஒவ்வொன்றுக்கும் "முற்றிலும் உடன்படுகிறேன்" தொடங்கி "சற்றும் உடன்படவில்லை" வரை ஒரு கட்டத்தில் தொட வேண்டும்.

கடைசியில் ஒரு படம். இரண்டு வட்டம், ஒன்றில் "நான்", மற்றதில் "கடல்". முதல் படத்தில் இரண்டும் முட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும். அடுத்தடுத்த படங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றுக்குள் ஒன்று போய், ஏழாவது படத்தில் கிட்டத்தட்ட ஒரே வட்டமாகிவிடும். உங்களுக்குப் பொருந்துவது எது என்று காட்ட வேண்டும்.

திருக்கடலூர் வாடியடியில் நின்று பார்த்தேன். தோணித் தலைவரான தண்டயல் ஒருவர், எழுபதுக்குக் கிட்ட வயது, வலையில் சிக்கின பாசியைப் பிடுங்கிக்கொண்டு இருந்தார். கேள்வி கேட்கிற பிள்ளை டெப்பை (டேப்லெட்டை) நீட்டியதும் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கி ஏழு படத்தையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "எந்த மாசத்துக்கு, பிள்ளை?"

பிள்ளைக்கு விளங்கவில்லை. "பொதுவாச் சொல்லுங்க ஐயா."

"பொதுவா என்றால்? சித்திரைக்கா மார்கழிக்கா?"

கடைசியில் நடுப்படத்தை ஒரு விரலால் தட்டிவிட்டுத் திரும்பவும் பாசிக்குப் போய்விட்டார். பிள்ளை 4 என்று பதிந்துகொண்டது. அந்த 4 என்ன சொல்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்படி அளப்பதில் பிரயோசனம் இருக்கிறதா? இந்தத் துறை தெரிந்த யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கோட்டைவாசல் | சனி இரவு 8.32

சுனாமிக்குப் பிறகு நாங்கள் நிரப்பின படிவங்களை அடுக்கினால் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலை உயரத்துக்கு வரும். வந்தார்கள், கேட்டார்கள், பிஸ்கட் தந்தார்கள், போனார்கள். முடிவு என்ன என்று திரும்பி வந்து சொன்ன ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம். இப்போது மனசை அளக்க வந்திருக்கிறார்களாம். நல்லது.

அலைநிறம் | சனி இரவு 9.05

நான் கம்பஸில் சுற்றாடல் பக்கம் படிக்கிறேன், இந்தக் குழுவில் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

வட்டப் படம் முதலில் கடலுக்காக வந்ததே இல்லை. ஒருவர் தன் துணையோடு, நண்பரோடு எவ்வளவு நெருக்கம் என்று அளக்க 1992இல் ஆர்த்தர் ஏரனும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. "நான்", "மற்றவர்" என்று இரண்டு வட்டம், ஏழு படம். பத்து வருசத்துக்குள் வெஸ்லி ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் "மற்றவர்" இருந்த இடத்தில் "இயற்கை"யைப் போட்டார். 2004இல் மேயர், ஃபிரான்ட்ஸ் என்ற இருவர் இயற்கையோடான நெருக்கத்துக்கு 14 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இயற்கை என்றதும் எல்லாருக்கும் காடும் மரமும்தான் மனசில் வருகிறது, கடல் தனி என்று பிறகு வந்தவர்களுக்குப் பட்டது. கடலுக்கென்று தனி அளவுகோல்கள் வந்தது அப்படித்தான்.

ஏன் இதை அளக்கிறார்கள்? 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் கடல்சார் எழுத்தறிவு என்று ஒரு இயக்கம் தொடங்கியது. கடல் உன்னை எப்படிப் பாதிக்கிறது, நீ கடலை எப்படிப் பாதிக்கிறாய் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஏழு கோட்பாடு எழுதிப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோனார்கள். பவளப்பாறை வெளுக்கிறது, பிளாஸ்டிக் சேர்கிறது என்று பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் தெரிந்ததால் மட்டும் ஆட்களின் நடத்தை மாறிவிடவில்லை. அறிவு போதாது, மனசு ஒட்ட வேண்டும் என்ற யோசனை அங்கிருந்துதான் வருகிறது. ஐ.நா. 2021 முதல் 2030 வரை கடல் அறிவியல் பத்தாண்டு என்று அறிவித்திருக்கிறது. அதற்குப் பத்துச் சவால்கள். பத்தாவது சவால் மனித சமூகத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவைச் சீர்ப்படுத்துவது. இந்த மாதிரிக் குழுக்கள் உலகம் முழுக்கக் கிளம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்டயல் ஐயாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல கேள்வி.

கிண்ணியா நானா | சனி இரவு 9.41

தங்கச்சி நல்லா விளக்கினீங்க. எனக்கு ஒரு விசயம் படுது, சொல்றேன்.

எங்கட ஊர்ப் பாலம் 2009இல் திறந்தாங்க. 396 மீட்டர். அதுக்கு முன்ன திருமலைக்குப் போறதென்றால் பாதையில் ஏறித்தான் போகணும். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்றேன், பாதை என்றால் பஸ்ஸையும் ஆளையும் ஆட்டையும் ஒன்றா ஏத்திக்கொண்டு தண்ணியைக் கடக்கிற மிதவை. காத்துக் கூடினா நிப்பாட்டிடுவாங்க. கரையில குந்திக்கொண்டு தண்ணியைத்தான் பார்க்கணும். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குது, வாடைக் காத்து எப்ப தணியும், இதெல்லாம் கடைக்காரனுக்கும் தெரியும், பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கும் தெரியும். மூதூர்ச் சனமும் அப்படித்தான், லோஞ்சில கொட்டியாரக் குடாவைக் கடந்து வந்தவங்க. அதில பயந்து சத்தி எடுக்காத ஆள் இல்லை.

இப்ப என்ட மகன் பாலத்தில மோட்டார் சைக்கிளில ரெண்டு நிமிசத்தில தாண்டிடுவான். கீழ தண்ணி ஏத்தமா வத்தா என்று அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஆனா கேள்வித்தாளைக் குடுத்தா அவன்தான் ஏழாவது வட்டத்தைத் தொடுவான். பின்னேரத்தில கூட்டாளிமாரோட கடற்கரையில இருந்து படம் எடுத்துப் போடுறவன் அவன்தானே. என்ட வாப்பாவைக் கேட்டிருந்தா, "அது சும்மா தண்ணி, கடக்கணும்" என்றிருப்பார்.

பாலம் வேணாம் என்று நான் சொல்லல. பிள்ளைத்தாச்சியை இரவில பாதைக்குக் கொண்டுபோய்க் காத்துக் கிடந்தவங்களுக்குத் தெரியும் அந்தப் பாலத்தின் அருமை.

டொரன்டோ திருமலையான் | சனி இரவு 10.15

இங்கே இப்போது பகல். இழையை வாசித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. டச்பே கடற்கரையில் பின்னேரக் கடலை வண்டி, கோணேஸ்வரத்துப் படியில் ஏறும்போது இரண்டு பக்கமும் கேட்கிற அலை... யாராவது என்னிடம் அந்தப் படத்தைக் காட்டினால் ஏழாவதைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன். திருமலையானுக்குக் கடல் இரத்தத்தில் இருக்கிறது.

சல்லிக் கரைவலை | சனி இரவு 10.22

கனடாவிலிருந்து பார்த்தால் கடல் நீலமாகத்தான் தெரியும் அண்ணை.

டொரன்டோ திருமலையான் | சனி இரவு 10.30

தம்பி, ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர் மேல் உரிமை இல்லையா?

சல்லிக் கரைவலை | சனி இரவு 10.58

உரிமை இல்லை என்று யார் சொன்னது. உங்கள் 7 பொய் என்றும் சொல்லவில்லை. என்னுடைய 3 உங்கள் 7ஐ விடச் சின்னது என்று எவனாவது அட்டவணை போட்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் வேலையைச் சொல்கிறேன். பாடு என்றால் கரைவலை இழுக்கிற இடம். அங்கே விடியப்புறம் தோணியில் வலையை வளைத்துப்போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால் மடி, அதாவது மீன் சேர்கிற வலைப் பை, கரைக்கு வர வெயில் ஏறிவிடும். இழுக்கும்போது கயிறு சொல்லும். கனத்தை வைத்துச் சொல்லவில்லை, பாசி ஏறினாலும் கனக்கும். ஒரு நடுக்கம் வரும், சின்னதாக, விரலில்தான் தெரியும். சூடை, நெத்தலி கிடந்தால் அந்த நடுக்கம் விடாமல் வரும். பாரை வந்தால் வெட்டி வெட்டி இழுக்கும். நடுக்கமே இல்லாமல் கயிறு சும்மா வந்தால் மடி வருவதற்கு முன்னமே எல்லாருடைய முகமும் மாறிவிடும். யாரும் ஒன்றும் கதைக்கமாட்டார்கள். அன்றைக்கு வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் முற்பணம் கேட்க வேண்டியவன் யார் யார் என்று ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொள்வான்.

இதைக் கடல் மேல் அன்பு என்று சொல்லவும் ஏலாது, வெறுப்பு என்று சொல்லவும் ஏலாது. கேள்வித்தாளில் அந்த நடுக்கத்துக்குக் கட்டம் எங்கே இருக்கிறது? வாடைக் காலத்தில் அதே கடலைப் பார்த்தால் எரிச்சல்தான். மாதக்கணக்கில் தோணி கரையில் கவிழ்ந்து கிடக்கும், கடன் ஏறும். அதனால்தான் அந்தத் தண்டயல் மாசத்தைக் கேட்டிருக்கிறார். அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்டது எனக்கு உடனே விளங்கியது.

நெறியாளர் | சனி இரவு 11.20

ஊரில் இருப்பவர், வெளியில் இருப்பவர் என்ற சண்டைக்கு ஏற்கெனவே மூன்று இழை திறந்து கிடக்கிறது. அங்கே போய்ப் பிடியுங்கள். இங்கே ஆய்வைப் பற்றி.

கருவாட்டுப்பாய் | ஞாயிறு காலை 6.50

ஆண்கள் எல்லாரும் எழுதி முடித்துவிட்டீர்களா? குழு எங்கள் பக்கமும் வந்தது. தோணியடியில் நின்ற ஆண்களிடம் கேட்டுவிட்டு, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். "மீனவர்" என்ற பட்டியலில் நாங்கள் இல்லைப் போலும்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் கடலுக்கு 60 அடி தள்ளிப் பிறந்தவள், நீந்தத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது. இடுப்புக்கு மேல் கடலில் இறங்கியது கிடையாது. ஆனால் காற்றில் ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாயில் கிடக்கிற கீரிமீனைத் திருப்பிப் பார்த்தே சொல்வேன். முதுகு காய்ந்து வயிற்றுப்பக்கம் பிசுபிசுத்தால் காற்று திரும்பப் போகிறது, பின்னேரத்துக்குள் அள்ள வேண்டும். தம்பலகாமக் குடாவில் சேற்றுக்குள் காலால் தடவி மட்டி எடுக்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் பாதத்துக்குத் தெரிவது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது.

இன்னொன்று. 2004 மார்கழி 26, பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு அம்மா கனகாலம் மீன் தொடவில்லை. அம்மா மட்டும் இல்லை, கரையோரத்தில் எத்தனையோ வீட்டில் அப்படித்தான். சந்தையில் மீன் வாங்க ஆள் இல்லை. கடல் எங்கள் ஆட்களைத் தின்றது, அந்தக் கடலின் மீனை நாங்கள் எப்படித் தின்பது என்று ஒரு மனம். அந்த நேரம் அம்மாவிடம் இரண்டு வட்டத்தைக் காட்டியிருந்தால் எதைத் தொட்டிருப்பாள்? முதலாவதையா? கடல் எடுத்த பிள்ளை அந்த வட்டத்துக்குள் அல்லவா கிடக்கிறது. ஏழாவதைத் தொட்டிருந்தாலும் அதை அன்பு என்று ஒருத்தரும் எழுதக்கூடாது.

அலைநிறம் | ஞாயிறு காலை 8.15

அக்கா, உங்கள் கடைசிப் பந்திக்கு நான் என்ன எழுதினாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஆய்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நெருக்கம் என்றாலே நல்ல உணர்வு என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையின் பழக்கம். அளவுகோல்களில் பல பணக்கார நாடுகளில் உருவானவை. அங்கே பலருக்குக் கடல் என்பது விடுமுறை நாள். இங்கிலாந்தில் 2001 குடிசனக் கணக்கெடுப்பை வைத்து 2012இல் ஒரு ஆய்வு வந்தது. கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் தங்கள் உடல்நலம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது அதிகம் என்று கண்டார்கள். அதன் பிறகு நீலவெளி (கடல், ஆறு போன்ற நீர்ப்பக்கங்கள்), நலவாழ்வு என்று ஒரு பெரிய ஆய்வுப் பரப்பே வளர்ந்தது.

கோட்டைவாசல் | ஞாயிறு காலை 8.40

அது காசுக்காரன் கடற்கரையில் வீடு வாங்குவதால் வந்த கணக்காக இருக்கும். இங்கே கடற்கரையில் இருப்பவன்தான் ஏழை.

அலைநிறம் | ஞாயிறு காலை 9.02

இல்லை அண்ணா, அதையும் பார்த்திருக்கிறார்கள். வறிய பகுதிகளில்தான் அந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அந்த வறிய மனிதர் கடற்கரையில் நடக்கப் போகிறவர், கடலில் உழைக்கப் போகிறவர் இல்லை. இங்கே அதே முடிவு வருமா என்று இங்கே கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே குழு வந்ததே பிழை என்று நான் சொல்லமாட்டேன். நம்மிடம் கேட்காமலே நமக்கும் சேர்த்து முடிவு எழுதினால் அதற்கும் நாம்தான் கத்துவோம்.

நிலாவெளி வழிகாட்டி | ஞாயிறு காலை 10.30

நான் சுற்றுலா போட் ஓட்டுகிறேன். ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம்ம துறைமுக வாயிலில், கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே, கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு தொடங்குகிறது. வெளியே போகப்போக 3000 மீட்டருக்கு மேல் ஆழம். கரைக்கு இவ்வளவு கிட்ட அந்த ஆழம் இருப்பதால்தான் நீலத் திமிங்கிலம் நம்ம வாசலுக்கு வருகிறது. 1980களின் தொடக்கத்தில் டூலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இங்கே அதைப் பார்த்து எழுதின பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. மார்ச் தொடங்கி ஓகஸ்ட் வரை அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆள் வருகிறது.

என் போட்டில் ஏறி அதைப் பார்த்த திருமலை டவுன்காரர் மிகக் குறைவு. ஒரு நாள் சீட்டுக் காசில் ஒரு வீட்டுச் சமையல் செலவு ஒரு கிழமைக்கு ஓடும், அதுதான் காரணம். எங்கள் வீட்டு ஆச்சி திமிங்கிலம் பார்த்ததில்லை. என் போட்டில் வந்த ஒரு வெள்ளைக்காரிக்குத் திமிங்கிலம் மூச்சு விட்ட இடத்தில் அழுகை வந்துவிட்டது. யாருக்கு நெருக்கம் அதிகம்? எனக்கு இன்றைக்கும் தெரியாது, இரண்டு பேரும் நல்ல ஆட்கள்.

கோட்டைவாசல் | ஞாயிறு காலை 11.15

இப்போதுதான் விசயத்துக்கு வருகிறோம். மனசில் நெருக்கம் இருக்கா இல்லையா என்று கேட்கிறார்கள். கடலுக்குப் போக வழி இருக்கா என்று யாராவது கேட்டார்களா?

நம்ம ஊர் வரலாறே மற்றவன் நம்ம துறைமுகத்தைக் கண்டு ஆசைப்பட்ட வரலாறு. போர்த்துக்கேயன் 1622இல் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினான். ஒல்லாந்தன் வந்தான், பிரெஞ்சுக்காரன் எட்டிப் பார்த்தான், ஆங்கிலேயன் 1957 வரைக்கும் கடற்படைத் தளத்தை வைத்திருந்தான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்துக்காகத்தான். பிறகு நம்ம போர். பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக ஏலாது. எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று கட்டுப்பாடு. எஞ்சின் வலுவுக்கு வரம்பு. ஒரு முழுத் தலைமுறை கடலைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து வளர்ந்தது.

சுனாமிக்குப் பிறகு தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் என்று கோடு போட்டார்கள், அதற்குள் வீடு கட்டக்கூடாது என்று. ஒரே அலை, இரண்டு அளவு. பிறகு தளர்த்தினார்கள் என்பது வேறு கதை, அதற்குள் எத்தனையோ பேர் உள்ளே போய்க் குடியேறிவிட்டார்கள். எஞ்சினைத் தோளில் சுமந்து இரண்டு கிலோமீட்டர் நடக்கிறவனிடம் கடலோடு நெருக்கமா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

இப்போது விடுதிகள். நான் சின்ன வயதில் குளிக்கப் போன ஒழுங்கை ஒன்று இருந்தது, நிலாவெளிப் பக்கம். இன்றைக்கு அதற்குக் குறுக்கே மதில். கேட்டில் நிற்கிற பொடியன் நல்ல மரியாதையாக "சேர், அறை எடுத்திருக்கீங்களா" என்று கேட்கிறான்.

நிலாவெளி வழிகாட்டி | ஞாயிறு காலை 11.40

மதில் விசயம் சரி. ஆனால் எல்லாத் தடையையும் ஒரே சாக்கில் போடாதீர்கள் அண்ணே. புறாமலைத் தீவுக்கு இப்போது டிக்கெட் இருக்கிறது, ஓம். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. அந்தக் கட்டுப்பாடும் இல்லாவிட்டால் அங்கே மிஞ்சியிருக்கிற பவளமும் இருக்காது. டிக்கெட் எடுத்து வருகிறவனே பவளத்தை வெறும் கல் என்று நினைத்து மேலே ஏறி நிற்கிறான். வெடி போட்டு மீன் பிடிக்கிறவனும் நம்ம ஊர்க்காரன்தான், கடல் அவனுக்கும் இரத்தத்தில்தான் இருக்கிறது.

சல்லிக் கரைவலை | ஞாயிறு நண்பகல் 12.10

வெடிக்காரனைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. அவனிடம் கேள்வித்தாளைக் குடுத்தால் அவனும் 6, 7 என்றுதான் தொடுவான். பொய்யும் இல்லை, அவனுக்குக் கடல் இல்லாமல் ஒரு நாள் இருக்க ஏலாது. நெருக்கம் இருந்தால் கடலைக் காப்பான் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

அலைநிறம் | ஞாயிறு நண்பகல் 12.45

அந்தப் புத்தகத்தைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறார்கள் அண்ணா. கடல்சார் எழுத்தறிவுக்கு முதலில் அறிவு, விழிப்புணர்வு, மனப்பான்மை, நடத்தை என்று சில பரிமாணம் வைத்திருந்தார்கள். 2023இல் அதைப் பத்தாக விரித்து ஒரு சட்டகம் வந்தது. புதிதாகச் சேர்ந்தவற்றில் உணர்வு நெருக்கமும் ஒன்று, கடலை அணுகும் வாய்ப்பும் அனுபவமும் இன்னொன்று, நம்பிக்கையும் வெளிப்படைத்தன்மையும் இன்னொன்று. கோட்டைவாசல் அண்ணா சொன்ன மதிலுக்கு அதில் இடம் இருக்கிறது. ஆனால் சட்டகத்தில் இருப்பது வேறு, வெயிலில் நின்று கேட்கிற கேள்வித்தாளில் இருப்பது வேறு.

வெருகலாறு | ஞாயிறு பிற்பகல் 2.20

இன்னும் ஒருவரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மூதூருக்குத் தெற்கே, வெருகல், வாகரை வரைக்கும் கரையோர வேடர் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். தமிழ்தான் பேசுகிறார்கள். செலிக்மன் 1911இல் வேடரைப் பற்றி எழுதிய நூலிலேயே இவர்கள் தனியாக வருகிறார்கள். காடும் களப்பும் கடலும் மூன்றும் அவர்களுக்கு ஒரே வளவு. தேன் எடுக்கிற பருவத்தில் காடு, மற்ற நேரம் களப்பு. அவர்களிடம் கடலை மட்டும் பிரித்து வட்டம் போட்டுக் காட்டினால் குழம்பித்தான் போவார்கள். குழு அங்கே போகிறதா? டவுனில் இருந்து தூரம், ரோட்டும் சரியில்லை, அதனால் போகாது என்று பந்தயம் கட்டுகிறேன்.

டெப் பிடித்தவள் | ஞாயிறு இரவு 7.30

எல்லாருக்கும் வணக்கம். அந்தக் குழுவுக்காகக் கேள்வி கேட்கிறவர்களில் நானும் ஒருத்தி. பெயர் வேண்டாம், வேலை போய்விடும். இழையை முழுக்க வாசித்தேன்.

வெருகல் பந்தயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள், பட்டியலில் இல்லை. கருவாட்டுப்பாய் அக்கா, வீட்டுக்கு ஒருவர், "கடல் தொழில் செய்பவர்" என்றுதான் எங்களுக்குத் தந்த வழிகாட்டல். கருவாடு போடுகிறவர்களும் தொழில் செய்பவர்கள்தானே என்று முதல் நாளே கேட்டேன். "அடுத்த கட்டத்தில்" என்றார்கள்.

இன்றைக்குப் பின்னேரம் பொறுப்பாளரிடம் மாசக் கதையைச் சொன்னேன், வலைக் கயிற்று நடுக்கத்தையும் சொன்னேன். அவ சிரித்துத் தட்டிக் கழிக்கவில்லை, குறிப்பெடுத்தா. ஆனால் வட்டப் படத்தை மாற்ற ஏலாதாம். வேறு நாடுகளிலும் அதே படத்தை வைத்துத்தான் கேட்கிறார்கள், இங்கே மட்டும் மாற்றினால் ஒப்பிட ஏலாமல் போய்விடும் என்றா. அதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் படத்துக்குப் பின்னால் ஒரு தாள் சேர்க்கலாம், அதில் என்ன கேட்க வேண்டும் என்று நானே எழுதித் தரலாம் என்று சொல்லியிருக்கிறா. செவ்வாய்க்கு முன் கொடுக்க வேண்டும். உதவி செய்யுங்கள்.

சல்லிக் கரைவலை | ஞாயிறு இரவு 7.48

வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு தடவை, கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு தடவை, அதே ஆளிடம் கேளுங்கள். படம் மாற வேண்டாம், நாள் மாறினால் போதும்.

கோட்டைவாசல் | ஞாயிறு இரவு 7.55

"நீங்கள் சின்ன வயதில் கடலுக்கு இறங்கிய இடத்தில் இன்றைக்கும் இறங்கலாமா? ஏலாது என்றால் ஏன்?" இந்த ஒரு கேள்வி போதும். கட்டம் வேண்டாம், சொல்லுகிறதை எழுதுங்கள்.

கிண்ணியா நானா | ஞாயிறு இரவு 8.10

கடலை வைத்து என்ன தெரியும் என்று கேளுங்க மகள். காத்து, நீரோட்டம், மீன், கருவாடு, எதுவானாலும். யாரிட்ட இருந்து படிச்சீங்க, யாருக்குப் படிப்பிச்சீங்க என்றும் கேளுங்க. என்ட மகனுக்கு அந்த இடத்தில ஒன்றும் எழுத இருக்காது. அதையும் பதியுங்க.

டொரன்டோ திருமலையான் | ஞாயிறு இரவு 8.25

வெளியில் இருப்பவர்களிடமும் கேட்கலாம்தானே? இணையத்தில் ஒரு படிவம் போட்டால் நாங்கள் நிரப்புவோம்.

சல்லிக் கரைவலை | ஞாயிறு இரவு 8.31

கேளுங்கள், கேளுங்கள். தனி அட்டவணையில் போடுங்கள். அண்ணை, கோபம் இல்லை, ஊருக்கு வந்தால் பாட்டுக்கு வாருங்கள், கயிற்றில் கை வைக்கலாம்.

அலைநிறம் | ஞாயிறு இரவு 8.50

பயத்துக்கும் ஒரு கேள்வி வேண்டும். கடலைப் பார்த்துப் பயமா என்று நேரடியாகக் கேட்காதீர்கள், சுனாமி நினைவு உள்ளவர்களிடம் அது கொடுமை. "பிள்ளையைத் தனியாகக் கடலுக்கு விடுவீர்களா, எந்தக் காலத்தில்?" என்று கேட்கலாம். விரும்பாவிட்டால் பதில் சொல்லத் தேவையில்லை என்பதைக் கேள்விக்கு முன் சொல்லுங்கள், பிறகு இல்லை. முடிவு வந்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்து தருவோம் என்று குழு எழுத்தில் தரட்டும். கோட்டைவாசல் அண்ணாவின் முதல் முறைப்பாடே அதுதான்.

டெப் பிடித்தவள் | ஞாயிறு இரவு 9.15

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். இரண்டு பருவம் கேட்பதற்குக் காசு இருக்கிறதா தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன். அக்கா, பெண்களிடம் கேட்க எப்போது வரலாம்? "அடுத்த கட்டம்" வரும் வரைக்கும் காத்திருக்க எனக்கு விருப்பமில்லை, நானாகவே வருகிறேன்.

கருவாட்டுப்பாய் | ஞாயிறு இரவு 9.40

புதன்கிழமை வாங்கோ. விடியக்காலை வேண்டாம், அப்போதுதான் மீன் வெட்டி உப்புப் போடுவோம், ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கமாட்டோம். பத்து மணிக்குப் பிறகு வந்தால் பாய் திருப்பிவிட்டு இருப்போம். டெப் வேண்டாம், வெயிலில் ஒன்றும் தெரியாது, தாள் கொண்டுவாங்கோ. ஆண்களை ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வராதீங்கோ, அவங்கள் பக்கத்தில் நின்றால் எங்களுக்குப் பதிலாக அவங்கள்தான் கதைப்பாங்கள்.

டெப் பிடித்தவள் | ஞாயிறு இரவு 9.44

சரி அக்கா. புதன் பத்தரைக்கு.